கைதடியில் 38 கதிரைகள்



2025 மார்கழி நடுவில் ஓஹியோவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் நம் குருநகர் யாகப்பர் கோயிலடியில் பிறந்து, தொண்ணூறுகளில் கடல் தாண்டிப் போன ஒரு வாசகி. ‘அமெரிக்கா என்றால் நீங்கள் எல்லாரும் ஜனாதிபதியைப் பற்றித்தான் எழுதுகிறீர்கள். இங்கே பள்ளிக்கூடம், றோட்டு, ஆஸ்பத்திரி எல்லாவற்றிலும் கை வைக்கிறவர் மாநில ஆளுநர். அவரைத் தெரிவு செய்ய 2026 இல் எங்களுக்குத் தேர்தல். நிற்கிறவர்களில் ஒருவர் தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளை. ஒரு பக்கம் எழுதக்கூடாதா?’ என்று கேட்டிருந்தார். கடிதத்தின் அடியில் பேனாவால் இன்னொரு வரி: ‘எங்கட மாகாணத்துக்கு எப்ப தேர்தல்?’

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். இரண்டாவதுக்குத்தான் இந்தப் பக்கம் முழுவதும் வேண்டும்.

ஓஹியோவில் இப்போது இருக்கும் ஆளுநர் மைக் டிவைன். அந்த மாநிலச் சட்டப்படி தொடர்ச்சியாக இரண்டு தவணைக்கு மேல் ஒருவர் இருக்க முடியாது. இரண்டையும் முடித்துவிட்டார், ஆகவே போகிறார். குடியரசுக் கட்சிப் பக்கம் விவேக் ராமசாமி களமிறங்கியிருக்கிறார். 1985 இல் சின்சினாட்டியில் பிறந்தவர். பெற்றோர் பாலக்காட்டிலிருந்து போன தமிழ் பேசும் குடும்பத்தினர். 2024 ஜனாதிபதித் தேர்தலுக்கு வேட்பாளராகவும் முயன்று பார்த்தவர். ஜனநாயகக் கட்சிப் பக்கம் அமி அக்டன் என்ற மருத்துவர். கொரோனாக் காலத்தில் மாநில சுகாதாரப் பணிப்பாளராக இருந்தவர். வாசகியின் வீட்டில் யாருக்கு வாக்கு என்று அவர் எழுதவில்லை, நானும் கேட்கப் போவதில்லை.

ஓஹியோ ஒன்றுதான் என்றில்லை. 2026 நவம்பர் 3 ஆம் திகதி 36 மாநிலங்களில் ஆளுநர் தேர்தல். அதில் ஏறத்தாழ பாதியில் இருக்கிறவர் மீண்டும் நிற்கவில்லை. புளோரிடாவில் டிசான்டிஸ், ஜோர்ஜியாவில் கெம்ப், மிச்சிகனில் விட்மர், கலிபோர்னியாவில் நியூசம், நால்வருமே தவணை முடிந்து வெளியேறுகிறவர்கள். இருக்கிறவர் போகிறார் என்று தெரிந்தால் அந்த ஊரில் வேட்பாளர்கள் ஈசல்போல் கிளம்புகிறார்கள். கலிபோர்னியாவில் துளசேந்திரபுரத்துப் பேத்தி கமலா ஹரிஸ் நிற்பார் என்று பலர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2025 ஜூலையில் அவர் மாட்டேன் என்றதும் களம் இன்னும் நெரிசலாகிவிட்டது.

இரண்டு மாநிலங்களில் 2025 நவம்பர் 4 ஆம் திகதியே தேர்தல் முடிந்தது. வேர்ஜினியாவின் விதி மற்ற மாநிலங்களைவிடக் கடுமை: நான்கு வருடம் இருந்தவர் அடுத்த தடவை தொடர்ந்து நிற்கவே கூடாது. எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வீட்டுக்குப் போக வேண்டும். டெரி மக்கோலிப் என்பவர் ஒரு தவணை இருந்துவிட்டு, இடைவெளி விட்டு, 2021 இல் திரும்பி வந்து கேட்டார். மக்கள் இல்லையென்றார்கள், கிளென் யங்கின் வந்தார். யங்கினும் போய்விட்டார். 2026 தை மாதத்தில் அபிகேல் ஸ்பான்பேர்கர் பதவியேற்றார். வேர்ஜினியாவின் முதல் பெண் ஆளுநர். நியூஜேர்சியில் வென்றவர் மிக்கி ஷெரில், கடற்படையில் ஹெலிகொப்டர் ஓட்டியவர். முதலில் தன் கட்சிக்குள்ளேயே ஆறு பேர் நின்ற போட்டியில் அவர் வெல்ல வேண்டியிருந்தது. அந்தத் தேர்தலில் மேடைக்கு மேடை பேசப்பட்டது என்ன தெரியுமா? மின்கட்டணம். பதவியேற்றதும் கட்டண உயர்வைத் தடுக்க அவசரநிலை அறிவிப்பேன் என்றார். அது பலிக்குமா என்பது வேறு கதை. ஆனால் வீட்டுக்கு வரும் மின்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்க அந்த மக்களுக்கு ஒரு ஆள் இருக்கிறார், ஒரு நாளும் இருக்கிறது.

அமெரிக்கத் தேர்தலைத் தலையில் தூக்கி வைத்து ஆட எனக்கு விருப்பமில்லை. இல்லினோயில் பிரிட்ஸ்கர் என்ற கோடீஸ்வரர் 2018 இல் ஆளுநராவதற்குத் தன் சொந்தக் காசில் 17 கோடி டொலர் கொட்டினார். குருநகர்த் தொடர்மாடியில் பிறந்த பிள்ளை அந்த விளையாட்டில் எப்படிச் சேருவது? அவர்களிடம் நான் பொறாமைப்படுவது திகதியில் மட்டும்தான். நவம்பரின் முதல் திங்களுக்கு அடுத்த செவ்வாய். ஆளுநருக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், ஜனாதிபதிக்கு வசதியோ இல்லையோ, அந்த நாள் வந்துவிடும்.

நம் வாசகியின் ஓஹியோவையே எடுங்கள். 1863. உள்நாட்டுப் போர் உச்சத்தில். அந்த வருடம் அங்கே ஆளுநர் தேர்தல். போரை எதிர்த்துப் பேசியதற்காக இராணுவம் கைது செய்து நாடுகடத்திய கிளெமென்ட் வலன்டிகம் என்பவரை ஜனநாயகக் கட்சி வேட்பாளராக அறிவித்தது. அவர் கனடாவில், எல்லைக்கு அப்பால் வின்ட்சர் நகரில் இருந்துகொண்டே போட்டியிட்டார். களத்தில் இருந்த சிப்பாய்களும் வாக்களித்தார்கள். அக்டோபர் 13 ஆம் திகதி எண்ணிப் பார்த்தபோது அவரை எதிர்த்து நின்ற ஜோன் ப்ரஃப் ஒரு இலட்சம் வாக்கு வித்தியாசத்தில் வென்றிருந்தார். நாடே இரண்டாகப் பிளந்து கிடந்த வருடத்தில், நாடுகடத்தப்பட்ட ஒருவர் வேட்பாளராக இருக்க, சொன்ன நாளில் தேர்தல் நடந்திருக்கிறது. கனடாவில் இருக்கும் நம் வாசகர்கள் வின்ட்சர் பக்கம் போனால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி நம்மூருக்கு வருவோம்.

குருநகரில் ஆளுநர் என்று சொன்னால் யாருக்கும் வாக்குச்சீட்டு ஞாபகம் வராது. பழைய பூங்காதான் ஞாபகம் வரும். கண்டி வீதியில் பெருமரங்களுக்கு நடுவே ஆளுநர் செயலகம் இருக்கிறதே, அந்தப் பூங்காவை உண்டாக்கியவர் பேர்சிவல் டைக். 1829 இலிருந்து 1867 இல் சாகும்வரை, நடுவில் ஒரு சிறு இடைவெளி தவிர, வட மாகாணத்தின் அரசாங்க அதிபர். வடக்கின் ராசா என்று சொல்லும் அளவுக்கு அதிகாரம். அவரை நம் பாட்டன் பூட்டன் யாரும் தெரிவு செய்யவில்லை. இலண்டன் அனுப்பியது, கொழும்பு இருத்தியது. மரங்கள் நன்றாக வளர்ந்திருக்கின்றன. நிழலில் நின்று பார்த்தால் டைக் மேல் நன்றிகூட வரும். ஆனால் அந்த வளவுக்குள் யார் இருக்க வேண்டும் என்று வெளியில் இருந்து ஒருவர் தீர்மானிப்பது அவர் காலத்தில் எப்படியோ, இன்றைக்கும் அப்படியே.

அரசியலமைப்பின் 154ஆ உறுப்புரை சொல்வது இதுதான்: மாகாண ஆளுநரை ஜனாதிபதி நியமிப்பார், ஜனாதிபதி விரும்பும்வரை அவர் பதவியில் இருப்பார், தவணை ஐந்து வருடம். 2007 இல் வடக்குத் தனி மாகாணமானதில் இருந்து வந்தவர்களைப் பாருங்கள். விக்டர் பெரேரா, டிக்சன் தேல, ஜீ.ஏ. சந்திரசிறி, பாலிஹக்கார, ரெஜினோல்ட் குரே, சுரேன் ராகவன், பி.எஸ்.எம். சார்ள்ஸ், ஜீவன் தியாகராஜா, மறுபடியும் சார்ள்ஸ், இப்போது நா. வேதநாயகன். அதற்கு முன் வடக்கும் கிழக்கும் இணைந்திருந்த காலத்தில், 1995 முதல் 1998 வரை, நடிகர் காமினி பொன்சேகாவே ஆளுநராக இருந்தார். (‘சருங்கலே’ படத்தில் நடராஜா என்ற தமிழ் எழுதுவினைஞராக நடித்தவர். நம் பக்கத்தில் பலருக்கு அவர்மீது இருந்த பிரியம் ஆளுநர் என்பதால் வந்ததல்ல.)

இந்தப் பட்டியலைத் திகதியோடு வைத்துப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரியும். 2015 ஜனவரியில் மஹிந்த தோற்றார், சந்திரசிறி போனார். 2019 நவம்பரில் கோட்டாபய வந்தார், சுரேன் ராகவன் போனார். 2024 செப்டெம்பரில் அநுர குமார வந்தார், சார்ள்ஸ் அம்மையார் போனார், வேதநாயகன் வந்தார். ஆளுநருக்கும் தேர்தல் உண்டு, வாக்காளர் ஒரேயொருவர். அவர் கொழும்பில் இருக்கிறார்.

இவர்களில் திறமையானவர்கள் இல்லையென்று நான் சொல்ல வரவில்லை. சந்திரசிறி யாழ்ப்பாணத்தின் முன்னாள் படைத்தளபதி, அதனால் வந்த கசப்பு வேறு. வேதநாயகன் யாழ் மாவட்டத்தின் அரசாங்க அதிபராக இருந்தவர், எந்தக் கிராமத்தில் எந்தக் குளம் உடைந்திருக்கிறது என்று கோப்பைப் பார்க்காமலே தெரிந்தவர். ஆனால் நல்ல மனிதரை அனுப்பியிருக்கிறார்கள் என்ற ஆறுதலோடு நாம் நின்றுவிடுகிறோம் பாருங்கள், அதுதான் என்னை உறுத்துகிறது.

ஒரு கணக்குச் சொல்கிறேன். வடக்கு மக்கள் தங்கள் மாகாண சபைக்கென்று வாக்களித்தது இதுவரை ஒரே ஒரு தடவை.

இந்திய இலங்கை ஒப்பந்தம் 1987 ஜூலை 29. அதன் பின் மாகாண சபைகளை உருவாக்கிய 13 ஆவது திருத்தம். 1988 நவம்பரில் வடக்குக் கிழக்கு மாகாண சபைக்குத் தேர்தல் என்றார்கள். கிழக்கில் வாக்களிப்பு நடந்தது. வடக்கின் 36 ஆசனங்களுக்கும் போட்டியே இல்லை. ஈ.பி.ஆர்.எல்.எப். உம் ஈ.என்.டி.எல்.எப். உம் பங்கிட்டுக்கொண்டன. வரதராஜப்பெருமாள் முதலமைச்சரானார். 1990 மார்ச்சில் அவர் ஈழப் பிரகடனம் செய்துவிட்டு இந்தியாவுக்குப் போக, சபை அதோடு முடிந்தது. பிறகு 23 வருடம் ஒன்றுமில்லை. 2013 செப்டெம்பர் 21 ஆம் திகதிதான் வடக்கு மக்கள் மாகாணத்துக்கென்று முதன்முதலில் வாக்குச்சாவடிக்குப் போனார்கள்.

அந்த நாளை இங்கே எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். வீட்டுச் சின்னத்துக்கு நேரே ஒரு புள்ளடி. அதற்குக் கீழே இலக்கங்கள் வரிசையாக இருக்க, விரும்பிய மூவருக்கு மூன்று புள்ளடி. இலக்கங்களை மறந்துவிடக் கூடாதென்று உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு வரிசையில் நின்ற கிழவிகளை நான் பார்த்தேன். சாவடிக்குள் போகுமுன் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துவிட்டார்கள், யாராவது கண்டால் வாக்குப் பழுதாகிவிடும் என்று. தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 78 சதவீத வாக்கு, 38 இல் 30 ஆசனம். முதலமைச்சர் வேட்பாளர் விக்னேஸ்வரனுக்கு ஒரு இலட்சத்து 32 ஆயிரத்துக்கு மேல் விருப்பு வாக்கு. அடுத்ததாக அனந்தி சசிதரனுக்கு 87 ஆயிரம். கணவரைத் தேடிக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு மக்கள் அப்படி அள்ளிக் கொடுத்தார்கள்.

ஆனால் அந்த முதலமைச்சர் வேட்பாளரை யார் தெரிவு செய்தது? அங்கேதான் அமெரிக்கக்காரர் நம்மைவிட ஒரு படி மேலே நிற்கிறார்கள். நியூஜேர்சியில் ஆறு பேரில் யார் என்று கட்சி ஆதரவாளர்கள் வாக்குப் போட்டுத் தீர்த்தார்கள். நம்மிடத்தில் தமிழரசுக் கட்சியின் மாவை சேனாதிராசாவா, ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதியரசர் விக்னேஸ்வரனா என்ற கேள்வியைத் தலைவர்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்தார்கள். கொழும்பில் வாழ்ந்த நீதியரசர் வந்தார். மாவை விட்டுக்கொடுத்தார். இன்று கூட்டமைப்பின் தலைவராக இருந்த சம்பந்தன் ஐயாவும் இல்லை, மாவை அண்ணனும் இல்லை. அன்று எடுத்த முடிவு சரியா பிழையா என்று நான் இப்போது தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. கட்சியின் அடிமட்டத் தொண்டன் ஒருவனிடமும் கேட்கவில்லை என்பதை மட்டும் பதிவுசெய்கிறேன். அடுத்த தேர்தலுக்கு முதலமைச்சர் வேட்பாளர் யார் என்று இப்போதே பேச்சு அடிபடுகிறது. இந்தத் தடவையாவது நாலு பேர் மேடையேறி மீன்பிடியைப் பற்றி என்ன செய்வேன் என்று சொல்லட்டும், பிறகு யாரென்று பார்ப்போம்.

சபை நடந்த ஐந்து வருடமும் நமக்குப் பெருமை தருவதாக இருந்ததா? நெஞ்சில் கை வைத்துச் சொல்வதென்றால், இல்லை. தீர்மானங்கள் நிறைய, நியதிச்சட்டங்கள் குறைவு. உட்கட்சிச் சண்டை 2017 ஜூனில் முதலமைச்சருக்கு எதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணைவரை போய், அதுவும் ஆளுநரின் கையில் கொண்டுபோய்க் கொடுக்கப்பட்டு, பிறகு வாபஸ் வாங்கப்பட்டது. மறுபக்கத்தில் கைகள் கட்டப்பட்டும் இருந்தன. மாகாண அரச உத்தியோகத்தரின் நியமனம், இடமாற்றம் எல்லாம் சட்டப்படி ஆளுநரிடம். நிதி பற்றிய நியதிச்சட்டம் என்றால் ஆளுநரின் சிபாரிசு வேண்டும். நம்மைப் போன்ற கடற்கரை ஊர்களுக்கு ஒரு உதாரணம் நன்றாகத் தெரியும். மாகாணக் கடற்றொழில் அமைச்சராக இருந்த டெனீஸ்வரனை 2017 இல் முதலமைச்சர் நீக்கினார். அவர் நீதிமன்றம் போனார். மாகாண அமைச்சரை நீக்கும் அதிகாரம் ஆளுநருக்கே உண்டு என்பது வாதம். 2018 ஜூனில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த நீக்கத்தை இடைநிறுத்தியது. ஒரு இலட்சத்து 32 ஆயிரம் வாக்கு வாங்கியவருக்குத் தன் அமைச்சரவையில் யார் இருப்பது என்று சொல்ல முடியவில்லை.

2018 அக்டோபர் 24 நள்ளிரவோடு தவணை முடிந்தது. கைதடியில் உள்ள மாகாண சபை மண்டபத்தில் 38 கதிரைகள் அன்றிலிருந்து சும்மா கிடக்கின்றன.

நான் அந்தச் சபையைக் குறை சொன்னேன் அல்லவா, எனக்கு அதில் ஒரு பெரிய வருத்தம். நன்றாகச் செய்தவரை மீண்டும் அனுப்பவும், பேசிப் பேசியே காலம் கழித்தவரை வீட்டில் இருத்தவும் நமக்கு ஒரு நாள் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த 38 பேரில் ஒருவர்கூட மாகாண சபை உறுப்பினர் என்ற கணக்கில் மறுபடி நம் வாசலுக்கு வர நேரவில்லை. மக்களின் தீர்ப்பு எழுதப்படாமலே வழக்கு மூடப்பட்டது.

சென்ற மாதம் கடற்றொழிலாளர் சங்கம் ஒன்றின் செயலாளர் ஒரு கடிதத்தைப் பிழை திருத்தித் தரச் சொல்லிக் கொண்டுவந்தார். இறங்குதுறை வாய்க்கால் தூர்ந்துபோய், நீர் வற்றுகிற நேரம் படகு உள்ளே வர முடியவில்லை. வெளியே நங்கூரமிட்டு, இடுப்பளவு சேற்றில் ஐஸ் பெட்டியைத் தலையில் தூக்கி வர வேண்டியிருக்கிறது. அதை ஆழப்படுத்தித் தர வேண்டும் என்ற கோரிக்கை. கடிதம் ஒழுங்காகத்தான் இருந்தது. அடியில் ‘பிரதிகள்’ என்று போட்டு ஒரு நீண்ட பட்டியல்: ஜனாதிபதி செயலகம், கடற்றொழில் அமைச்சர், ஆளுநர், அரசாங்க அதிபர், கடற்றொழில் நீரியல்வளத் திணைக்களம், பிரதேச செயலர், மாநகர சபை. ஐந்தாவது ஆறாவதுக்கு நடுவில் ‘மாண்புமிகு மாகாண கடற்றொழில் அமைச்சர், வடக்கு மாகாணம்’.

“இப்ப அப்பிடி ஒருத்தரும் இல்லையே, தம்பி?”

“ஓம் ஐயா. பழைய கடிதத்தைப் பாத்து ரைப் பண்ணினது. 2015 இல குடுத்தது. வெட்டினா முழுக்க இன்னொருக்கா எடுக்க வேணும். கிடக்கட்டும்.”

கிடந்தது. அதோடே தபாலில் போனது.

கடற்றொழில் மத்திய அரசுக்கு ஒதுக்கிய பட்டியலில் பாதி, மத்தியும் மாகாணமும் பகிரும் ஒத்தியங்கு பட்டியலில் பாதி என்று கிடக்கும் விடயம். ஆட்புல நீர்ப்பரப்புக்கு உள்ளே நடக்கும் மீன்பிடி இந்த ஒத்தியங்கு பட்டியலில் வருகிறது. கூட்டுறவு மாகாணத்துக்கு. பள்ளிக்கூடங்களில் பெரும்பாலானவை மாகாணத்துக்கு. நம் ஊர் ரோலர்காரருக்குப் பெரிய அடியாக வந்த இழுவைமடித் தடைச் சட்டம் 2017 இல் கொழும்புப் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. கடலின் அடித்தளத்தைக் காப்பாற்ற அது தேவை என்பவன் நான். ஆனால் அந்தத் தொழிலை விட்டவனுக்கு மாற்றுத் தொழில் என்ன, கடன் எங்கே, வலைத் தொழிற்சாலையில் பிள்ளைக்கு வேலை கிடைக்குமா என்று உட்கார்ந்து பேச மாகாணத்தில் தெரிவான ஒருவர் இல்லை. 2025 கார்த்திகைக் கடைசியில் டித்வா புயல் வந்துபோனபோதும் கச்சேரியும் பிரதேச செயலகமும் படையினரும் ஓடினார்கள். மாகாண சபை உறுப்பினர் என்று யாரையும் பிடித்துக் கேட்க முடியவில்லை, பிடிக்க ஆள் இல்லை.

ஏன் தேர்தல் நடக்கவில்லை? யுத்தமும் இல்லை, கொள்ளைநோயும் காரணம் இல்லை. சட்டம் ஒன்று நடுவில் நிற்கிறது. 2017 செப்டெம்பரில் மாகாண சபைத் தேர்தல் முறையைப் பாராளுமன்றம் மாற்றியது. பாதி உறுப்பினர் தொகுதியால், பாதி விகிதாசாரத்தால் என்று. கூட்டமைப்பும் அதை ஆதரித்தது. தொகுதிகளுக்கு எல்லை வேண்டுமே. முன்னாள் நில அளவையாளர் நாயகம் தவலிங்கம் தலைமையில் குழு அமைத்து, அறிக்கை வந்தது. 2018 ஆகஸ்டில் அந்த அறிக்கையைப் பாராளுமன்றத்தில் வாக்குக்கு விட்டார்கள். எதிராக 139. ஆதரவாக பூச்சியம். அதைச் சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். சட்டப்படி பிரதமர் தலைமையில் ஒரு மீளாய்வுக் குழு அமைந்து இரண்டு மாதத்தில் முடிக்க வேண்டும். அமைந்தது, முடிக்கவில்லை. பழைய முறை சட்டத்தில் இல்லை, புதிய முறைக்கு எல்லை இல்லை. பழைய முறையிலேயே நடத்த வழிவிடும் தனிநபர் சட்டமூலத்தைக் கூட்டமைப்பின் சுமந்திரன் கொண்டுவந்து பார்த்தார், நகரவில்லை. கிழக்கு, சப்பிரகமுவ, வடமத்தி மாகாணங்களின் சபைகள் 2017 இலேயே காலாவதியாகின. 2019 முடியும்போது ஒன்பது மாகாணமும் ஒரே நிலை. ஆகவே இது வடக்குக்கு மட்டும் செய்த சதி என்று சொல்ல முடியாது. தெற்கில் இருப்பவர்கள் இதற்காகத் தெருவில் இறங்கவில்லை, அவர்களுக்கு மாகாண சபை ஒரு உபரி. நமக்கு அது கையில் உள்ள ஒரே துண்டு. 13 ஆவது திருத்தம் ஒன்றுமே இல்லை என்பவர்களும் நம்மிடையே உண்டு. அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, ஆனால் ஒன்றுமில்லாத சபைக்குத் தேர்தல் வைக்க ஏன் இத்தனை பேர் பயப்படுகிறார்கள் என்று கேட்டுப் பார்க்கிறேன்.

வெறும் ஆசனங்கள் நமக்குப் புதிதில்லை. 1931 இல் டொனமூர் அரசியலமைப்பின் கீழ் முதல் அரசாங்க சபைத் தேர்தல். முழுச் சுயராச்சியம் தராத சபை வேண்டாம் என்று யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் பகிஷ்கரிக்கச் சொன்னது. யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய நான்கு ஆசனங்களுக்கும் ஒருவரும் வேட்புமனு கொடுக்கவில்லை. 1934 இல் இடைத்தேர்தல் வரும்வரை அவை வெறுமையாகக் கிடந்தன. அப்போதுதான் பருத்தித்துறையில் ஜீ.ஜீ. பொன்னம்பலமும் யாழ்ப்பாணத்தில் அருணாசலம் மகாதேவாவும் உள்ளே போனார்கள். இளைஞர் காங்கிரஸின் ஹண்டி பேரின்பநாயகம் போன்றவர்களின் இலட்சியத்தில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்த ஊரில் இருந்து பார்க்கும்போது எனக்கு வேறு ஒன்று படுகிறது. அந்த வருடம்தான் இருபத்தொரு வயதான எவருக்கும், காணி உள்ளவனுக்கும் வள்ளம்கூட இல்லாதவனுக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்குரிமை வந்தது. குருநகருக்கு அப்போது கரையூர் என்றே பெயர். கரையூர்ப் பெண் ஒருத்திக்கு முதன்முதலாகக் கிடைத்த வாக்கை, படித்த மேட்டுக்குடி இளைஞர்கள் அவளைக் கேட்காமலே மூன்று வருடம் பூட்டி வைத்தார்கள். அன்று பூட்டியது நம்மவர், இன்று பூட்டியிருப்பது சட்டம். வாக்குச்சீட்டு இரண்டு தடவையும் அவள் கைக்கு வரவில்லை.

நியமன ஆளுநரிலிருந்து தெரிவான ஆளுநருக்குப் போன கதைகள் உலகில் உண்டு. அமெரிக்காவே அப்படித்தான் வந்தது. பிரித்தானியக் குடியேற்றங்களாக இருந்தபோது பெரும்பாலானவற்றுக்கு மன்னர் ஆளுநரை அனுப்பினார். கொனெக்டிகட்டும் ரோட் ஐலண்டும் மட்டும் தங்கள் ஆளுநரைத் தாங்களே தெரிவு செய்தன. பிறகு அமெரிக்கா தானே ஒரு தீவைப் பிடித்தபோது மன்னர் செய்ததையே செய்தது. 1898 இல் ஸ்பெயினிடமிருந்து எடுத்த புவேர்ட்டோ ரிக்கோவுக்கு அரை நூற்றாண்டாக வொஷிங்டனில் இருந்து ஆளுநர் வந்துகொண்டே இருந்தார். 1946 இல் ஜனாதிபதி ட்ரூமன் அந்தத் தீவைச் சேர்ந்த ஹெசூஸ் பிஞேரோவை நியமித்தார். முதல் முறையாக நம்மவர் என்று அங்கே கொண்டாடினார்கள். 2019 ஜனவரியில் சுரேன் ராகவன் வந்தபோது வடக்கின் முதல் தமிழ் ஆளுநர் என்று நாம் பேசியது ஞாபகம் வருகிறதா? வித்தியாசம் அடுத்ததில் இருக்கிறது. அங்கே 1947 இல் ஆளுநரை மக்களே தெரிவு செய்யும் சட்டம் வந்தது, 1948 நவம்பரில் தேர்தல் நடந்தது, 1949 ஜனவரி 2 ஆம் திகதி லூயிஸ் முஞோஸ் மரீன் பதவியேற்றார். நம்மவரை நியமித்து இரண்டே வருடத்தில் தெரிவுக்குப் போய்விட்டார்கள். நமக்கு ஏழு வருடத்துக்கு மேலாகிறது.

இந்தியாவும் ஒரு நேரம் இந்த யோசனையில்தான் இருந்தது. மாநில ஆளுநரை மக்கள் தெரிவு செய்வதா என்று வரைபு அரசியலமைப்பில் இருந்தது. தெரிவான ஆளுநரும் தெரிவான முதலமைச்சரும் ஒரே உறையில் இரண்டு வாளாகிவிடுவார்கள் என்று 1949 மே மாதத்தில் நியமனத்துக்கு மாறினார்கள். தமிழ்நாட்டில் ஆளுநர் ரவிக்கும் அரசுக்கும் நடந்த இழுபறி 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம்வரை போனதைப் பார்த்தோம். ஆட்டுக்குத் தாடி எதற்கு, நாட்டுக்கு ஆளுநர் எதற்கு என்று அண்ணா கேட்ட காலத்திலிருந்து அங்கே அந்தச் சண்டை ஓயவில்லை. ஆனால் தமிழ்நாட்டில் ஆளுநரோடு சண்டை போட ஒரு முதலமைச்சர் இருக்கிறார். 2026 அங்கும் தேர்தல் வருடம்.

ஆகவே, ஓஹியோ வாசகிக்கு என் பதில்: தெரியவில்லை, தங்கச்சி. நம் ஊரில் 2013 இல் வாக்களிக்க வயது வராதிருந்த பிள்ளைக்கு இப்போது முப்பது. கல்யாணம் முடித்து, பிள்ளையும் பெற்று, சொந்தமாக வள்ளமும் வாங்கிவிட்டான். ஜனாதிபதித் தேர்தலில், பாராளுமன்றத்தில், 2025 மே 6 ஆம் திகதி மாநகர சபையில் எல்லாம் வாக்களித்துவிட்டான். மாகாணத்துக்கு மட்டும் அவன் இன்னும் ஒரு புள்ளடி போட்டதில்லை.

அவனைப் போன்றவர்களிடம் இருந்து எனக்குக் கடிதம் வேண்டும். முதலமைச்சராக நிற்க வருகிறவரிடம் நீங்கள் கேட்க நினைக்கும் ஒரு கேள்வி, ஒன்றே ஒன்று, அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். 2013 இல் வாக்களித்தவர்கள், அன்று யாருக்கு எதற்காகப் போட்டீர்கள், இப்போது என்ன நினைக்கிறீர்கள் என்று எழுதுங்கள். மாசி இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். பெயர் போட விருப்பமில்லாதவர்கள் ஊரை மட்டும் குறிப்பிட்டால் போதும். இந்த இதழில் குருநகர்க் கூத்து அண்ணாவிமார் பற்றிய கட்டுரையும், சிறகுவலைத் தொழில் பற்றிய படத்தொகுப்பும், சிறுகதைகளும் இருக்கின்றன. முகவரி பின்னட்டையில்.

அன்புடன்,
ஆசிரியர்